சிங்ஸ்டாட்டா, டேட்டா.கவ்.எஸ்ஜியா, உலக வங்கியா: எந்த எண்ணை எங்கே எடுப்பது?

சிங்கப்பூரில் வீட்டில் தமிழ் பேசுவோர் எத்தனை விழுக்காடு? 2.5 என்று ஒருவர் எழுதுவார், 27 என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டுமே 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. இரண்டுமே சரி. முதல் எண், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகள் எல்லாரிலும் தமிழை வீட்டில் அதிகம் பேசுவோர். இரண்டாவது, அதே வயதுச் சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்களை மட்டும் எடுத்து, அவர்களில் எத்தனை பேர் என்று பார்த்தது. 2010இல் இதே எண்கள் 3.3ஆகவும் ஏறக்குறைய 37ஆகவும் இருந்தன.

ஆய்வுக்குத் தரவு தேடுகிறவர்கள் பெரும்பாலும் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். நம் ஊரில் கிடைப்பது சிரமமே இல்லை. கிடைத்த எண் யாரையெல்லாம் எண்ணியது என்று அந்தத் தளமே சொல்கிறதா என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். நான் ஒப்பிடுவது அதை வைத்துத்தான்.

முதலில் புள்ளிவிவரத் துறையின் சிங்ஸ்டாட். அதன் டேபிள் பில்டரில் தலைப்பைத் தேர்ந்து, வேண்டிய வரிசைகளையும் ஆண்டுகளையும் டிக் செய்தால் அட்டவணை தயார். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே பொடி எழுத்தில் குறிப்பு இருக்கும். ‘சிங்கப்பூர்வாசி’ என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் என்பது போன்ற விவரம் அங்கேதான் கிடைக்கும். 2020இல் மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 56.9 லட்சம், சிங்கப்பூர்வாசிகள் 40.4 லட்சம். மொழி பற்றிய அட்டவணை இந்த 40.4 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. மீதிப் பதினாறு லட்சத்துச் சொச்சம் பேரில் தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழ்நாட்டு ஊழியர்கள் எத்தனையோ பேர். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காதில் விழும் தமிழில் பெரும்பகுதி இந்த 2.5 விழுக்காட்டில் சேரவே சேராது.

இன்னொன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து நம் கணக்கெடுப்பு வீடுவீடாகப் போய் எல்லாரையும் எண்ணுவதில்லை. தலைக்கணக்கு அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து வருகிறது. மொழி, சமயம், போக்குவரத்து போன்ற கேள்விகள் மாதிரியாகத் தேர்ந்த வீடுகளிடம்தான் கேட்கப்படுகின்றன. 2020இல் அப்படித் தேர்ந்தவை சுமார் 1,50,000 வீடுகள். பெரிய மாதிரிதான், ஆனாலும் மாதிரிதான். ஒரே வட்டாரத்தில், ஒரே வயதுப் பிரிவில், தமிழ் பேசுவோரை மட்டும் பிரித்தெடுத்து நுணுக்கமாக அலச நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இந்த மொழி அட்டவணையை இன்னும் கொஞ்சம் கிளறலாம். ‘இந்தியர்’ என்ற பிரிவில் மலையாளி, பஞ்சாபி, சிந்தி, இந்தி பேசுபவர் எல்லாரும் அடக்கம். 2010 கணக்கெடுப்பில் இந்தியர்களில் தமிழர் ஏறக்குறைய 54 விழுக்காடு. அதே ஆண்டின் 37 விழுக்காட்டை இந்த 54உடன் வைத்துப் பார்த்தால், தமிழர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அப்போது வீட்டில் தமிழை அதிகம் பேசியிருக்கிறார்கள் என்று தோராயமாகச் சொல்லலாம். வயது வரம்பு பொருந்தாது, தமிழ் பேசும் மற்ற இந்தியர்களும் உண்டு என்பதால் இது துல்லியக் கணக்கல்ல. ஆனால் 3.3, 37, 67 என்று ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள். மேடையில் பேசுகிறவர் எதைப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்துத் தமிழ் வாழும் அல்லது சாகும்.

‘அதிகம் பேசும் மொழி’ என்பதும் ஒன்றைத்தான் குறிக்கிறது. 2020இல் சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் ஆங்கிலம் என்று பதில் சொன்னார்கள். அவர்களில் சுமார் 87 விழுக்காட்டினர் வீட்டில் இரண்டாவதாக ஒரு தாய்மொழியையும் பேசுகிறார்கள். “அக்கா, கட்டுரைக்கு ஒரு சார்ட் இருந்தா போதும்” என்று கேட்டு வந்த தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்திக்கு இந்த இரண்டாவது அட்டவணையைக் காட்டினேன். கட்டுரையின் வாதமே திரும்பிவிட்டது. மதிப்பெண் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொள்ளவில்லை.

டேட்டா.கவ்.எஸ்ஜி (data.gov.sg) வேறு ரகம். 2011இல் தொடங்கிய இந்தத் தளத்தில் பல அமைச்சுகள், கழகங்களின் தரவு ஒரே இடத்தில் இருக்கிறது. சிஎஸ்வி கோப்பாக இறக்கலாம், நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏபிஐ வழியாக நேரே இழுக்கலாம். தொகுத்த எண் வேண்டாம், ஒவ்வொரு வரியும் தனித்தனியாக வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இங்கே இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் மறுவிற்பனை விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம், நகர், வீட்டு வகை, புளோக் எண், மாடி வரம்பு, சதுர மீட்டர், குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை என்று 1990 முதல் ஒவ்வொரு விற்பனையும் ஒரு வரி.

சிக்கல் என்னவென்றால் அது ஒரே கோப்பு அல்ல, ஐந்து. 1990 முதல் 2012 பிப்ரவரி வரைக்குமான இரண்டு கோப்புகளில் ‘மாதம்’ என்பது விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்த தேதி. 2012 மார்ச்சிலிருந்து அது பதிவு செய்த தேதி. ஐந்தையும் ஒன்றாக ஒட்டிக் கோடு வரைந்தால் ஒட்டிய இடம் படத்தில் தெரியாது. எஞ்சிய குத்தகைக்கான பத்தி 2015க்கு முந்தைய கோப்புகளில் இல்லை. 2015, 2016இல் எத்தனை ஆண்டு மிச்சம் என்ற எண் மட்டும். 2017 முதல் “61 ஆண்டு 4 மாதம்” என்கிற பாணியில் ஆங்கில எழுத்தாக மாறிவிடுகிறது. எக்செலில் சராசரி போட்டால் பிழை வரும், வந்தால் நல்லது. எழுத்தாக உள்ள கட்டங்களை விட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் சராசரி காட்டினால்தான் ஆபத்து.

விலை ஏறியதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் இத்தனை பாடு வேண்டாம். வீவகவே வெளியிடும் மறுவிற்பனை விலைக் குறியீடு போதும். 2009 முதல் காலாண்டை 100 என்று வைத்த குறியீடு அது. ஒரு காலாண்டில் பெரிய வீடுகள் அதிகம் விற்றால் வெறும் சராசரி விலை உயர்ந்துவிடும். குறியீடு அந்தக் கலப்பைச் சரிசெய்து கணக்கிடப்படுகிறது. புக்கிட் மேராவில் ஐந்தாம் மாடிக்கும் இருபதாம் மாடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவருக்கு மட்டும் அந்த ஐந்து கோப்புகளும் தேவை.

வருமானத்துக்கு வந்தால் சிங்ஸ்டாட்டுக்கும் மனிதவள அமைச்சின் புள்ளிவிவரத் தளத்துக்கும் போட்டி. 2023க்கு சிங்ஸ்டாட் 10,869 வெள்ளி என்கிறது, அமைச்சு 5,197 வெள்ளி என்கிறது. இரண்டும் மாத வருமானத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), இரண்டிலும் முதலாளி கட்டும் மசேநி (மத்திய சேம நிதி) சேர்த்தி. முதலாவது ஒரு குடும்பத்தின் வேலை வருமானம், அதுவும் யாராவது ஒருவராவது வேலை செய்யும் குடும்பங்களுக்கு மட்டும். தாத்தாவும் பாட்டியும் ஓய்வுக்காலச் சேமிப்பில் தனியாக வாழும் வீடு அதில் இல்லை. இரண்டாவது, முழுநேரம் வேலை செய்யும் சிங்கப்பூர்வாசி ஒருவரின் வருமானம். ‘சராசரி சிங்கப்பூரர் பத்தாயிரம் சம்பாதிக்கிறார்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த இரண்டையும் குழப்பியதால்தான். வேலை, சம்பளம் என்றால் நான் அமைச்சின் தளத்துக்குத்தான் போவேன். தொழில்வாரியாகப் பிரித்திருப்பார்கள்.

உலக வங்கித் தரவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிங்கப்பூரை மலேசியாவோடும் இலங்கையோடும் ஒப்பிட வேண்டுமென்றால் அங்கே போங்கள். எல்லா நாட்டுக்கும் ஒரே இலக்கணத்தில் வைத்திருப்பார்கள். சிங்கப்பூரைப் பற்றி மட்டும் எழுதும்போது அங்கே போவதில் பொருளில்லை. அவர்கள் தருவதில் பெரும்பகுதி நம் துறைகள் அனுப்பியதுதான், ஓராண்டு தாமதமாக. ஒரே ஓர் எச்சரிக்கை: தலா உள்நாட்டு உற்பத்தி என்பது வெளிநாட்டு ஊழியர்களையும் சேர்த்த மொத்த மக்கள்தொகையால் வகுத்தது. அதைச் சிங்கப்பூர்வாசிகளின் வருமான அட்டவணையோடு பக்கத்தில் வைக்காதீர்கள்.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. இனம், சமயம், மொழி பற்றிய கொள்கை ஆய்வுக் கழகத்தின் கருத்தாய்வுகள் அதற்கு உதவும். ஏறக்குறைய 4,000 பேரிடம் கேட்பவை அவை. மொத்த விடையை நம்பலாம். இந்தியர்கள் சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய 9 விழுக்காடு என்பதால், அதே விகிதத்தில் எடுத்த மாதிரியில் அவர்கள் 360 பேர்தான் இருப்பார்கள். அப்போது ஒவ்வொரு விடையும் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். அதில் முப்பது வயதுக்குக் குறைந்த பெண்களைப் பிரித்து ‘இளம் தமிழ்ப் பெண்கள் கருத்து’ என்று தலைப்பிடுவது அநியாயம். ஆகவே அறிக்கையின் மாதிரி எடுத்த முறையைச் சொல்லும் பக்கத்தை முதலில் படியுங்கள், முடிவுரையை அப்புறம் பார்க்கலாம்.

1947, 1957 கணக்கெடுப்புகளுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் லீ கொங் சியான் நூலகம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்பவர்கள், எண்ணைக் கேட்காமல் அட்டவணையின் பெயரைக் கேளுங்கள். பெயர் தவறாக இருந்தால் சிங்ஸ்டாட்டில் தேடும்போதே தெரிந்துவிடும்.

மேலே சொன்ன எந்தத் தளத்திலும் கிடைக்காத ஒன்று, தங்குவிடுதிகளில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்பது. மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கையை வேலை அனுமதியின் வகைப்படி வெளியிடுகிறது, எந்த நாட்டவர் எத்தனை பேர் என்று பிரிப்பதில்லை. இதில் ஆய்வு செய்கிறவர்கள் தலைப்பில் ‘சிங்கப்பூர்வாசிகளிடையே’ என்று சேர்த்துக்கொண்டு ஒதுங்கலாம். அல்லது நேரில் போய்க் கேட்க வேண்டும். அதற்குக் கல்லூரியின் ஒப்புதலும் விடுதி நடத்துபவரின் அனுமதியும் தேவை, கேள்வித்தாளை எழுத உட்காரும் முன்பே இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.