படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு ஆள் வைப்பது: ஏஜென்சியா, நேரடி ஆளா?

டிஸ்சார்ஜ் ஆன அன்றே பல குடும்பங்கள் ஏஜென்சிக்குப் போன் போட்டு, "அப்பாவைப் பார்த்துக்க ஒரு ஹோம் நர்ஸ் வேணும்" என்கின்றன. குழப்பம் அந்தச் சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. அந்தப் பெயரில் வருபவர் பெரும்பாலும் நர்சிங் படித்தவர் அல்ல, அட்டெண்டர். குளிப்பாட்டுவார், டயப்பர் மாற்றுவார், புரட்டிப் படுக்க வைப்பார். மூக்குக்குழாயோ சிறுநீர்க்குழாயோ மாற்றுவது அவர் வேலையில்லை. நர்ஸ்தான் என்று ஏஜென்சி சாதித்தால் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு உடனே மாறும்.

ஏஜென்சியின் உண்மையான பலன் மாற்று ஆள். இன்று ஒருவர் நின்றுவிட்டால் அடுத்தவர் வருவார். ஆனால் எத்தனை நாளில் வருவார், அதுவரை சம்பளம் பிடிக்கப்படுமா, பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, இவற்றை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். கமிஷன் போகக் குறைவாகவே கையில் வாங்கும் ஆள் நாலு மாதத்தில் வேறு வீடு பார்ப்பதில் ஆச்சரியமில்லை. மறதி நோய் உள்ளவருக்கு முகம் மாறுவதே தொந்தரவு. புது ஆள் தொட்டாலே கையை உதறுவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் விசாரித்து நேரடியாக வைக்கும் ஆள்தான் சரி. ஆதார் நகல் வாங்குவதும் போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பதும் அப்போது உங்கள் பொறுப்பு. அவர் ஊருக்குப் போகும் நாட்களில் வீட்டில் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். பொங்கல், தீபாவளிக்கு ஏஜென்சியும் கைவிரிக்கும் என்பது வேறு விஷயம்.

"24 மணி நேர ஆள்" என்பதுதான் அதிகம் ஏமாற்றும் வார்த்தை. தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். பகல் முழுக்க வேலை செய்தவர் இரவு 12, 2, 4 மணிக்கு எழுவார் என்று நம்ப முடியாது. புரட்டாமல் விட்டால் படுக்கைப்புண் முதலில் இடுப்பின் பின்னெலும்பிலும் குதிகாலிலும் வரும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் முதல் அறிகுறி. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும் தொட்டால் தெரியும். ஏர் பெட் போட்டாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. இரவில் எழ வேண்டிய நோயாளிக்குச் செலவு கூடினாலும் 12 மணி நேர ஷிப்டில் இருவர்தான் தேவை. இரவில் நன்றாகத் தூங்கி, தாங்கிப் பிடித்தால் நடக்கிறவருக்கு ஒருவர் போதும்.

குழாய், கட்டு வேலைகளுக்கு மாதச் சம்பள நர்ஸ் வீண் செலவு. முறைக்கு இவ்வளவு என்று வந்துபோகும் நர்ஸ் போதும். குழாய் வழி உணவை மட்டும் அவரிடம் அட்டெண்டரும் வீட்டாரும் சேர்ந்து கற்க வேண்டும்: தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, குழாய் இடம் நகரவில்லை என்று பார்த்து, டாக்டர் சொன்ன அளவை மெல்ல விட்டு, முடிந்ததும் தண்ணீர் செலுத்தி, குறைந்தது அரை மணி நேரம் படுக்க வைக்காமல் இருக்க வேண்டும். உடனே படுக்க வைத்தால் உணவு நுரையீரலுக்குள் போகலாம்.

இன்சுலினை யார் போட்டாலும் சிரிஞ்சைப் பாருங்கள். சிவப்பு மூடி ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும், வலி வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புக் கவனிப்பும் அதில் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிவு செய்வார்கள். அன்றாடம் பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு அது ஈடாகாது. வீட்டு முதியவர் அடிபட்டாலோ கைவிடப்பட்டாலோ 14567 உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

எந்த ஏற்பாடானாலும் கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினார்கள், உணவு எத்தனை மில்லி, சிறுநீர் எத்தனை மில்லி, கடைசியாக மலம் கழித்தது எப்போது. காலை எட்டு மணிக்குப் புதிதாக வந்து நிற்கும் மாற்று ஆளுக்கு விவரம் கிடைப்பது அந்த நோட்டில்தான்.