கடலோரக் காப்பகத்துக்கு ஸ்கேன்ஸ்னாப் எஸ்வி600 போதுமா?

கோயில் கணக்கு, பிரெஞ்சு காலத்துப் பத்திரக் கட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று பழந்தாள் வைத்திருக்கும் புதுச்சேரிச் சிறு காப்பகங்களுக்கு இந்த ஸ்கேனர் நல்ல துணை. தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்த வேண்டியதில்லை. தையல் விட்ட பதிவேட்டுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. ஏ3 அளவு, 30 மில்லிமீட்டர் கனம் வரை விரித்து வைத்தால் மேலிருந்தே 3 விநாடியில் எடுத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் விழாத மேசையில் வையுங்கள்; இல்லாவிட்டால் பக்கம் பாதி வெளுத்துப் போகும்.

ஆனால் இது படிப்பதற்கான படிதான்; நிரந்தரமாகக் காக்க வேண்டிய முழுத்தர மூலப்படி ஆகாது. ஜேபெக்கும் பிடிஎஃப்பும் மட்டுமே தரும்; தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் டிஃப் கோப்பு கிடையாது. கருவிக்கு அருகே சுமார் 285 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) இருக்கும் கூர்மை, நம் பக்கம் வர வர அகலவாக்கில் 218, நீளவாக்கில் 152 என இறங்கிவிடும். கையெழுத்தும் கைநாட்டும் தாளின் அடியில்தானே இருக்கின்றன! அதனால் பத்திரங்களை அடிப்பகுதி கருவிப் பக்கம் வரும்படி திருப்பி வைத்து இன்னொரு முறை எடுங்கள். படத்தில் விழுந்த விரலை அழித்துத் தரும் வசதியைத் தொடவே வேண்டாம்: அந்த இடத்தில் நிரம்புவது தாளில் இல்லாத நிறம். சான்றாக நிற்க வேண்டிய படத்தில் அது பெரும் பிழை.

2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்ற சைவச் சுவடிகள் இருக்கும் ஊர் புதுச்சேரி. ஓலையோடு வருவோர் இருப்பார்கள். மை பூசாத ஏட்டில் கீறல் எழுத்து, மேலிருந்து விழும் ஒளியில் மறைந்துவிடும். அதற்குக் கேமரா ஸ்டாண்டும், தாழ்வாகப் பக்கத்திலிருந்து வரும் விளக்கும் வேண்டும்.

ஸ்கேனுக்கு முன்பே ஒவ்வொரு தாளின் மூலையிலும் மென்மையான பென்சிலால் எண் இடுங்கள். கோப்புப் பெயரும் அதே கட்டு எண், தாள் எண்ணாக இருக்கட்டும். விட்டுப்போன பக்கம் அப்போதுதான் தெரியவரும். காப்பாளர் வேலையில் இன்று கூடியிருக்கும் சுமை இதுதான். கருவி வாங்கும்போது இதற்கான ஆள், நாள் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

கோப்புகளைச் சேமிக்கும் இடமும் கணக்கில் வரவேண்டும். கண்ணாடியில் கவிழ்க்கத் தாங்கும் தாள்களின் மூலப்படியைத் தட்டை ஸ்கேனரில் 300 டிபிஐ வண்ண டிஃப்பாக எடுத்தால் ஏ4 பக்கம் ஒன்றுக்குச் சுமார் 26 எம்பி, 10,000 பக்கத்துக்கு 260 ஜிபி. மூன்று பிரதி வையுங்கள். ஒன்று புதுச்சேரியில், மற்றொன்று கடலூரில் என்று பிரித்தால் போதாது: 2011 டிசம்பரில் தானே புயல் இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடித்தது. மூன்றாவது பிரதி கோயம்புத்தூர் போலக் கடலை விட்டுத் தள்ளிய ஊரில் இருக்கட்டும்.