கென்னடி டூர் என்று 570 டாலரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்

இதை எழுதும்போது இன்னும் கை படபடக்கிறது. சம்பவம் நடந்து நாலு நாள்தான் ஆகிறது. டல்லாஸ், இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கும் நம் ஆட்கள், ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட இடத்துக்கு ஒரு நடை அழைத்துப் போகத்தான் செய்வோம். போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கே, எப்படி புக் செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். எந்தத் தளம் என்று பெயர் போடவில்லை. சுற்றுலா வருகிறவர்களையும் உள்ளூர் கைடுகளையும் கோத்துவிட்டு கமிஷன் பார்க்கும் ஆன்லைன் தளம், அவ்வளவுதான்.

என் மாமனார் தூத்துக்குடிப் பக்கம் வரலாற்று வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். கென்னடி என்றால் அவருக்கு ஒரு பித்து. 1963 நவம்பர் 22, இங்கே மதியம் 12:30 என்றால் நம் ஊரில் சரியாக நள்ளிரவு. விடிந்து டீக்கடை ரேடியோவில் சேதி சொன்னபோது, அங்கே நின்ற பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ பெரிய விஷயம் என்று புரிந்தது என்பார். அப்போது அவருக்கு 10 வயது. வாத்தியாரான பிறகு ஒரே வகுப்பு ரிஜிஸ்டரில் மூன்று கென்னடிகள் இருந்தார்களாம். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே சொல்லிவிட்டார்: "நயாகரா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாப்பிள்ளை, குண்டு வந்த அந்த ஆறாவது மாடி ஜன்னல மட்டும் காட்டிருங்க."

நான் குடியிருப்பது இர்விங். கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டு, கொலைக்கு முந்தின இரவு தங்கியதும் இதே இர்விங்கில்தான், ரூத் பெய்ன் என்ற பெண்மணியின் வீட்டில். அவன் மனைவி மரீனாவும் இரண்டு கைக்குழந்தைகளும் அங்கேதான் இருந்தார்கள். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி அந்த வீட்டு கராஜில் போட்டு வைத்திருந்தான். எட்டு வருடமாக இதே ஊரில் பால் வாங்கிக்கொண்டிருக்கிறேன், அந்த வீட்டுக்குள் ஒரு நாள் போனதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

தளத்தில் ஒரு டூர் கண்ணில் பட்டது. ஒரே நாளில் எல்லாம்: கென்னடி சுடப்பட்ட டீலி பிளாசா, அந்த ஜன்னல் இருக்கும் ஆறாவது மாடி மியூசியம் (டிக்கெட் உட்பட என்று தடித்த எழுத்தில்), ஆஸ்வால்டு வாரம் 8 டாலர் வாடகைக்கு ஓ. எச். லீ என்று பொய்ப் பெயர் கொடுத்துத் தங்கியிருந்த பெக்லி தெரு வீடு, டிப்பிட் என்ற போலீஸ்காரரை அவன் சுட்ட தெருமுனை, டிக்கெட் எடுக்காமல் நுழைந்து பிடிபட்ட டெக்சஸ் தியேட்டர், கடைசியாக பெய்ன் வீட்டுக்கு உள்ளே. ஆளுக்கு 95 டாலர். நாங்கள் நாலு பேர், ஆபீஸ் நண்பரும் அவர் மனைவியும் சேர்த்து ஆறு. 570 டாலர். தளத்தில் கார்டு மூலம் ஆளுக்கு 10 வீதம் 60 டாலர் முன்பணம், மீதி "கைடிடம் நேரடியாக" என்று போட்டிருந்தது. அந்த 'நேரடியாக'வில்தான் மொத்த விஷயமும் இருந்திருக்கிறது. நான் அதை வாசித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் கைடு போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டேன், மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுவாக்கில், கென்னடியின் கார் ஊர்வலம் மெயின் தெருவிலிருந்து எல்ம் தெருவுக்குத் திரும்பியது என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் சிரித்தபடி திருத்தினார். மெயினிலிருந்து வலது பக்கம் ஹூஸ்டன் தெரு, அங்கிருந்து இடது பக்கம் ஒடித்து எல்ம். அந்த வளைவு அவ்வளவு கூர்மை என்பதால் கார் கிட்டத்தட்ட ஊர்ந்துதான் திரும்பியது, தலைக்கு மேலே அந்த ஜன்னல் இருக்கும் கட்டிடம். மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்புறம் கைடு குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னார்: "அன்னிக்கு எங்க அப்பா ஹூஸ்டன் தெரு முனையிலதான் நின்னுக்கிட்டிருந்தார். சாகுற வரைக்கும் அதைப் பத்தி வீட்ல பேசவே மாட்டார்."

சரி, அதோடு நான் காலி. மாமா கண் கலங்கிவிட்டது. அதே மூச்சில் அந்த ஆள், மியூசியத்தில் நேரம் குறித்த டிக்கெட்தான், நாளைக்கு சனிக்கிழமை, இப்போதே வாங்கினால்தான் உண்டு, மீதிப் பணத்தை பேங்க் ஆப் வழியாக அனுப்பிவிட முடியுமா என்று கேட்டார். 510 டாலர். மனைவி அடுப்படியிலிருந்து கையை ஆட்டி வேண்டாம் என்று சைகை காட்டினாள். நான் அதற்குள் அனுப்பிவிட்டேன். பத்து விநாடிகூட ஆகவில்லை.

மறுநாள் வேன் 50 நிமிடம் லேட். வந்தது அவர் இல்லை, யாரோ ஒரு சின்னப் பையன். கென்னடி பற்றி ஒன்று கேட்டதற்கு "எனக்கு டிரைவிங் மட்டும்தான்" என்றான். கைடு அங்கே காத்திருப்பார், டிக்கெட் கவுன்டரில் உங்கள் பெயரில் இருக்கும் என்று எல்ம் தெருவில் இறக்கிவிட்டான். கவுன்டரில் எங்கள் பெயரில் எதுவும் இல்லை. அன்றைக்கு அடுத்து இருந்த நேரங்களும் போய்விட்டன. வெளியே வந்து பார்த்தால் வேனும் இல்லை.

அந்த இடத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பார்த்த அளவுக்கு அது பெரிய இடமே இல்லை. ஒரு சரிவு, மூன்று தெருக்கள் ஒன்றாகப் போய் நுழையும் ரயில் பாலம், ஓரத்தில் புல்மேடு, அதன் உச்சியில் மரவேலி. குண்டு பட்ட இடம் என்று ரோட்டில் வெள்ளையாக ஒரு எக்ஸ் குறி. அரசாங்கம் போட்டது இல்லை. 2013-இல் 50-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு முன் ரோட்டைச் சீர்படுத்தும்போது அது போய்விட்டது, பிறகு யாரோ திரும்பப் போட்டுவிட்டார்கள். சிக்னல் சிவப்பானதும் ஜனங்கள் ஓடிப் போய் அதன் மேல் நின்று கட்டைவிரலை உயர்த்தி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மனிதன் சுடப்பட்ட இடம். மாமா அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தைக்கு முட்டிவலி, சாப்ரூடர் என்பவர் கேமராவோடு ஏறி நின்று, கென்னடி சுடப்படுவது பதிவான அந்த 26 விநாடிப் படத்தை எடுத்த சிமென்ட் திண்டுப் பக்கம் கொஞ்சம் நிழல் பார்த்து உட்கார வைத்தோம். நான் போனில் கைடை விரட்டிக்கொண்டிருந்தேன். மாமா மஞ்சப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். உள்ளே ஸ்கேல் வைத்து சிவப்பு பேனாவில் ஊர்வலப் பாதை வரைந்து வைத்திருக்கிறார், லவ் ஃபீல்டு ஏர்போர்ட்டிலிருந்து, சுடப்பட்டதும் கென்னடியைக் கொண்டுபோன பார்க்லேண்டு ஆஸ்பத்திரி வரை. கொலையை விசாரித்த வாரன் கமிஷன் மூன்று குண்டு என்றது, 1979-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி சதி இருந்திருக்கலாம் என்றது, இரண்டையும் வகுப்பு எடுப்பது போல் எங்களுக்குச் சொன்னார். தெரியாத வெள்ளைக்கார தம்பதி ஒன்று நின்று கேட்டுவிட்டு, கைடு என்று நினைத்து 5 டாலர் நீட்டினார்கள். மாமா பதறிப் போய் வாங்க மாட்டேன் என்றார், அவர்கள் நோட்டுக்குள் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். 570-இல் திரும்பி வந்தது இன்றுவரை அந்த 5 டாலர்தான்.

இனி புகார்ப் படலம். கைடு முதலில் "டிரைவர் குழப்பிட்டான், அடுத்த வாரம் ஃப்ரீயா கூட்டிட்டுப் போறேன்" என்று மெசேஜ் போட்டார். அப்புறம் பார்த்ததற்கான நீல டிக் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. தளத்தின் சாட்டில் போனால், என் பொறுமைக்கு நன்றி என்று நாலு முறை நன்றி சொன்னார்கள். நான் பொறுமையாகவே இல்லை. 510 டாலர் எங்கள் மூலமாக வரவில்லை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். நேரடியாகக் கொடு என்று உங்கள் பக்கத்தில்தானே போட்டிருந்தது என்றேன். மேலிடத்துக்கு அனுப்புகிறோம், 7 முதல் 10 வேலை நாள் என்றார்கள். கூடவே அடுத்த டூருக்கு 15 சதவீதத் தள்ளுபடி கூப்பன்! பேங்கில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் சார் என்கிறார்கள். அதே 510-ஐ கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் தகராறு எழுப்பி நிறுத்தி வைத்திருக்கலாமாம். இதை முன்னாலேயே தெரிந்துகொள்ளாதது என் முட்டாள்தனம்.

ஆஸ்வால்டு அந்தத் துப்பாக்கியைத் தபாலில் வாங்கினான். சிகாகோ கடைக்குப் பொய்ப் பெயரில் ஆர்டர், தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். அதுகூட ஒழுங்காக வந்து சேர்ந்தது. பிளாசாவில் பழைய பேப்பர் நகல் விற்கிறவர்களை எல்லோரும் திட்டுவார்கள், அவர்கள் காசுக்கு ஒரு காகிதமாவது கையில் தருகிறார்கள்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த டூரின் ரிவ்யூக்களைக் கடைசிப் பக்கம் வரை தோண்டினேன். ஒரு ஸ்டார் போட்டு ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவர்களுக்கும் முந்தின நாள் போன், அவர்களுக்கும் உருக்கமான கதை. அந்தக் கதையில் ஹூஸ்டன் தெரு முனையில் நின்றது கைடின் அப்பா இல்லை, அத்தை. இதை இன்னும் மாமாவிடம் சொல்லவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: மியூசியம் டிக்கெட்டை மியூசியத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். பெய்ன் வீட்டை இர்விங் நகராட்சியே வாங்கி வைத்திருக்கிறது, அவர்களிடமே முன்பதிவு செய்யுங்கள். தியேட்டரில் இன்றும் படம் ஓடுகிறது, ஒரு டிக்கெட் எடுத்தால் உள்ளே போய் உட்காரலாம். பெக்லி தெரு வீடு தனியார் வீடு, கேட்காமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். பேங்க் ஆப்பில் தெரியாத ஆளுக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். ரிவ்யூவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.

பேங்க்காரர் திரும்பக் கூப்பிடுகிறார், எடுக்க வேண்டும். மாமா ஊருக்குக் கிளம்ப 11 நாள் இருக்கிறது. புதன்கிழமை லீவ் போட்டிருக்கிறேன், டிக்கெட் நானே எடுத்தாயிற்று.