ஸ்கிரீன்ல காட்டற ஹாஷ்ரேட்டை நம்பி பழைய மைனர் வாங்கிடாதீங்க

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. ஆன்ட்மைனர் எஸ்9ங்கற பழைய பிட்காயின் மைனிங் மெஷின் ஒண்ணை "ஃபுல் வொர்க்கிங், 13.5 டெராஹாஷ் கேரண்டி"ன்னு சொன்னதை நம்பி செகண்ட்ஹேண்ட்ல வாங்கி ஏமாந்த கதை. மைனிங்னா, பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தொகுக்கற பிளாக்கை முதல்ல பிடிக்க மெஷினுங்க போட்டி போட்டுக் கணக்குப் போடறது, பிடிச்சவங்களுக்குப் புது பிட்காயின் கிடைக்கும்; அந்தக் கணக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஹாஷ், ஒரு செகண்டுக்கு எத்தனைங்கறதுதான் ஹாஷ்ரேட், டெராஹாஷ்னா லட்சம் கோடி. வித்தவன் பேரு போடல. போட்டா நாளைக்கே வேற பேர்ல வந்து நிப்பான், அதனால ஆளை விட அவன் பண்ண வேலையைத் தெரிஞ்சுக்கறதுதான் உங்களுக்கு உபயோகம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஒண்ணும் பணக்காரன் ஆகணும்னு வாங்கல. மைனிங்னா என்னன்னு கையால தொட்டுப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, கரண்ட் பில்லுக்குக் கட்டுப்படி ஆனா போதும்னு நெனச்சேன். அந்த "கட்டுப்படி ஆனா போதும்"ங்கற இடத்துலதான் ஆள் பிடிச்சான்.

நான் வாங்கினது 2025ல. ஒரு வீடியோ அனுப்பினான், மெஷினோட ஸ்டேட்டஸ் பேஜ்ல மூணு போர்டும் (கணக்குப் போடற சிப் பதிச்ச பலகை) ஓடுது, சிப் எல்லாம் வரிசையா "ஓ ஓ ஓ"ன்னு நல்லா இருக்கறதா காட்டுது. கூடவே ஒரு லாபக் கணக்கு ஸ்கிரீன்ஷாட், ஒரு நாளைக்கு 4500 சதோஷி (பிட்காயினோட பொடி சில்லறை) வரும்னு. "பாத்துக்கங்க ப்ரோ, கால்குலேட்டரே சொல்லுது, நான் சொல்லல"ன்னான். நானும் 4500ஐ மட்டும் பாத்தேன், அதுக்கு மேல பொடி எழுத்துல இருந்ததைப் பாக்கல. மெஷின் வந்து ஒரு மாசம் கழிச்சு அதே ஸ்கிரீன்ஷாட்டைப் பெருசு பண்ணிப் பாக்கறேன், பிளாக் ரிவார்டு, அதாவது ஒரு பிளாக்குக்குக் கிடைக்கற பரிசு, 6.25 பிட்காயின்னு போட்டிருக்கு! 2024 ஏப்ரல் ஹால்விங்லயே (பரிசைப் பாதியாக்கற நிகழ்வு) அது 3.125 ஆயிடுச்சே. டிஃபிகல்டி (பிளாக் பிடிக்கறது எவ்வளவு கஷ்டம்ங்கற அளவு) 37 டிரில்லியன் சொச்சம்னு இருக்கு, அது 2023 ஆரம்பத்துல இருந்த அளவு, நான் வாங்கும்போது 120 டிரில்லியனைத் தாண்டியாச்சு. போலி ஸ்கிரீன்ஷாட் கூட இல்லைங்க அது, நிஜமாவே ஒரு காலத்துல வந்த கணக்கு, தேதி மட்டும் வெட்டி எடுத்துட்டான்.

சரியான கணக்கை நீங்களே பேப்பர்ல போடலாம், எந்த வெப்சைட்டும் வேணாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 144, பிளாக்குக்கு 3.125ன்னா உலகம் முழுக்க இருக்கற மைனருங்க எல்லாருக்கும் சேத்து ஒரு நாளைக்கு 450 பிட்காயின். நெட்வொர்க் மொத்த ஹாஷ்ரேட் 2025ல 1000 எக்ஸாஹாஷைத் தொட்டுருச்சு (ஒரு எக்ஸாஹாஷ்னா பத்து லட்சம் டெராஹாஷ்), ரவுண்டா அதையே வெச்சுக்குவோம். என் மெஷின் நிஜமாவே 13.5 டெராஹாஷ் ஓடினா அந்த 450ல என் பங்கு சுமார் 607 சதோஷி. ஒரு பிட்காயின்ங்கறது பத்து கோடி சதோஷின்னு ஞாபகம் வெச்சுக்கங்க. இதுக்கு மெஷின் சாப்பிடறது கிட்டத்தட்ட 1350 வாட், 24 மணி நேரத்துக்கு 32 யூனிட் கரண்ட். ஆக ஒரு யூனிட்டை எரிச்சா 19 சதோஷி கிடைக்கும். இன்னைக்கு 19 சதோஷி உங்க காசுல எவ்வளவு, உங்க வீட்டுல ஒரு யூனிட் எவ்வளவு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் இதை வாங்கறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும், வாங்கி ஒரு மாசம் கழிச்சுப் போட்டேன்.

இதுவரைக்கும் என் முட்டாள்தனம்னு விட்டுடலாம். இனிமேதான் அவன் வேலை.

மெஷின் வந்த அன்னைக்கு ஆன் பண்ணேன், ஜெட் விமானம் கிளம்பற மாதிரி சத்தம் (இதையும் யாரும் சொல்லல, எஸ்9 எழுபது டெசிபலுக்கு மேல கத்தும், பக்கத்து ரூம்ல கூட தூங்க முடியாது), ஸ்டேட்டஸ் பேஜைத் தொறந்தா 12.9 டெராஹாஷ், சிப் எல்லாம் "ஓ ஓ ஓ". சந்தோஷத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பி பீத்திக்கிட்டேன். பிளக்ல வாட் மீட்டர் மாட்டியிருந்தேன், அது 900 வாட்தான் காட்டுச்சு. இங்கதான் சிரிக்கணும் நீங்க. 1350 இழுக்க வேண்டிய மெஷின் 900 இழுக்குதேன்னு சந்தேகம் வரணுமில்ல? எனக்கு வரல. "பரவால்லயே, நல்ல பீஸா மாட்டியிருக்கு, கரண்ட் கம்மியா சாப்பிடுது"ன்னு இன்னும் குஷியாயிட்டேன்.

மூணாவது நாள் பூல்ல (நெறைய மைனருங்க சேந்து ஓட்டி வருமானத்தைப் பங்கு போட்டுக்கற இடம்) போய் பாத்தா 24 மணி நேர சராசரி 7 டெராஹாஷ்னு இருக்கு. கொஞ்சம் ஏறி இறங்கறது சகஜம், பூலுக்குப் போற ஷேரை (மெஷின் வேலை செஞ்சதுக்கான சான்று) வெச்சு அவங்க உத்தேசமா கணக்குப் பண்றாங்க, ஒரு மணி நேரக் கணக்கு முன்னப்பின்ன இருக்கும்தான். ஆனா ஒரு நாள் முழுக்க 12.9க்கு பதிலா 7ன்னா அது ஏத்த இறக்கம் இல்ல. அவன்கிட்ட கேட்டேன். "இன்டர்நெட் ஸ்லோவா இருக்கும் ப்ரோ." மைனிங்குக்கு எவ்வளவு டேட்டா போகும்னு தெரிஞ்சவங்க இதைக் கேட்டு சிரிப்பாங்க, ஓட்டை கனெக்‌ஷன்லயும் ஓடும். அடுத்து "பூலை மாத்துங்க"ன்னான், மாத்தினேன், அங்கயும் 7. அப்புறம் "ரூம் சூடு". அப்புறம் ரிப்ளை வரல.

அப்புறம் ரௌட்டர்ல போய் இந்த மெஷின் யார் யார்கிட்ட பேசுதுன்னு பாத்தேன். நான் போட்ட பூல் ஒண்ணு, நான் போடாத அட்ரஸ் இன்னொண்ணு, அப்பப்ப அதுகூட கனெக்ட் ஆகுது. அதாவது கரண்ட் என்னுது, பிளக் என்னுது, சத்தத்தை சகிச்சுக்கறவன் நான், கூலி வேற யாருக்கோ. மாத்தி எழுதின ஃபர்ம்வேர்ல (மெஷினுக்குள்ளயே இருக்கற மென்பொருள்) இது ரொம்பப் பழைய வித்தைன்னு பிறகுதான் படிச்சேன். இன்னும் மோசமானதும் நடந்திருக்கு, 2019 ஜனவரியில ஹான்ட்னு ஒரு ரான்சம்வேர் (பணம் கேட்டு மிரட்டற வைரஸ்) பத்தி செய்தி வந்துச்சு, எஸ்9 மாதிரி மெஷின்ல பூந்து 10 பிட்காயின் குடு இல்லேன்னா இன்னும் ஆயிரம் மெஷினுக்குப் பரப்புன்னு மிரட்டுமாம். அந்தக் கணக்குல நான் தப்பிச்சேன்னு வெச்சுக்கங்க.

எஸ்டி கார்டுல ஒரிஜினல் ஃபர்ம்வேர் ஏத்தி, கன்ட்ரோல் போர்டுல ஜம்பரை மாத்தி, சுத்தமா ரீஃபிளாஷ் பண்ணேன். ரீபூட் ஆகி பேஜ் தொறக்குது... ரெண்டே போர்டு. மூணாவது போர்டு லிஸ்ட்லயே இல்ல. இருக்கற ரெண்டுலயும் ஒண்ணுல நாலஞ்சு சிப்புக்கு "எக்ஸ்" விழுந்திருக்கு. ஹாஷ்ரேட் 8.4. பூல்லயும் 8.4. முதல் தடவையா மெஷினும் பூலும் ஒரே பேச்சுப் பேசுச்சு. அந்த 12.9, அந்த "ஓ ஓ ஓ" எல்லாமே வெறும் படம்! வாட் மீட்டர் மட்டும் முதல் நாள்லேருந்தே உண்மையைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, மூணுல ரெண்டு பங்கு கரண்ட், மூணுல ரெண்டு போர்டு.

கழட்டிப் பாத்தேன். எஸ்9ல ஒரு போர்டுக்கு 63 சிப், ஒவ்வொண்ணு மேலயும் குட்டி ஹீட்சிங்க் ஒட்டியிருக்கும், பழசாச்சுன்னா பசை விட்டு அது கழண்டு விழும், விழுந்தது பக்கத்துல ரெண்டு இடத்தைத் தொட்டா ஷார்ட். செத்த போர்டுல ஏழெட்டு ஹீட்சிங்க் ஏதோ சாதாரண பசையால திரும்ப ஒட்டியிருந்துச்சு, சால்டரிங் பண்ணின ஃப்ளக்ஸ் கறை அப்படியே இருக்கு. செத்த போர்டுன்னு தெரிஞ்சேதான் வெச்சு மூடியிருக்கான்.

பவர் சப்ளை பத்தி தனியா சொல்லணும், ஏன்னா காசு போனா போகட்டும், இது வீட்டையே எரிச்சிருக்கும். எஸ்9க்கு ஆறு பின் கனெக்டர் மொத்தம் பத்து, போர்டுக்கு மூணு மூணு, கன்ட்ரோல் போர்டுக்கு ஒண்ணு. அவன் குடுத்த சப்ளைல லேபிள் 1600 வாட், ஆனா தூக்கினா வெயிட்டே இல்ல, ஒயர் மெலிசு. பத்தாவது நாளோ என்னவோ ஒரு கருகல் வாசனை, போய் பாத்தா ஒரு கனெக்டர் பழுப்பாகி பிளாஸ்டிக் இளகியிருக்கு. அதுவும் மெஷின் 900 வாட்தான் இழுத்துக்கிட்டு இருக்கு, உண்மையிலேயே 1350 இழுத்திருந்தா? இது அயர்ன் பாக்ஸ் மாதிரி பத்து நிமிஷம் ஓடி நிக்கற சாமான் இல்ல, ராத்திரி நீங்க தூங்கும்போதும் அதே லோடுல ஓடும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல தயவுசெஞ்சு மாட்டாதீங்க. பழைய மைனர் கூட வர்ற சப்ளையை, அது யார் குடுத்தாலும், நல்லா தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் பாத்து சொல்றவரைக்கும் நம்பாதீங்க.

திரும்ப அவனைப் பிடிச்சேன், வேற நம்பர்லேருந்து. "ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டிதான் ப்ரோ, அதுவும் நீங்க ஃபர்ம்வேர் மாத்திட்டீங்க, சீல் உடைச்சிட்டீங்க, வாரண்டி போச்சு." திருட்டு ஃபர்ம்வேரை எடுத்தா வாரண்டி போயிடுமாம். இதுக்கு மேல ஒண்ணு சொன்னான் பாருங்க, "வீட்டுல ஓட்டறதெல்லாம் வேஸ்ட் ப்ரோ, நம்மகிட்ட ஹோஸ்டிங் பிளான் இருக்கு, மாசாமாசம் பணம் கட்டினா போதும், மெஷினை நாங்களே பாத்துக்கறோம்". வீட்டுல வெச்சிருந்த மெஷினையே படம் போட்டு ஏமாத்தினவன், கண்ணுல படாத மெஷினுக்கு மாசாமாசம் என்ன படம் காட்டுவான்? பிளாக் பண்ணிட்டேன்.

இதை சொன்னதும் நெறைய பேர் கேட்டாங்க, அப்ப வீட்டுல வெச்சிருக்கற பழைய மைனரை எல்லாம் தூக்கிப் போட்டுடலாமான்னு. எல்லாத்துக்கும் ஒரே பதில் கிடையாது. எஸ்9 ஒரு டெராஹாஷுக்கு 98 ஜூல் கிட்ட சாப்பிடும், எஸ்21ன்னு 2023ல அறிவிச்சது 17.5 ஜூல். அதே ஒரு யூனிட் கரண்ட்டுல அது 107 சதோஷி எடுக்கும், இது 19. இந்த ரேஸ்ல எஸ்9ஐ ஓடவிட்டு ஜெயிக்க வழி இல்ல, டிஃபிகல்டி 2016 பிளாக்குக்கு ஒரு தடவை, அதாவது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மாறிக்கிட்டே இருக்கு, அடுத்த ஹால்விங் 2028ல. குளிர் ஜாஸ்தியா இருக்கற இடத்துல, எப்படியும் ஹீட்டர் ஓட்டத்தான் போறீங்கன்னா, அதுக்கு பதிலா இதை ஓட்டுங்க, இழுக்கற வாட் அத்தனையும் சூடாத்தான் வெளிய வருது, சதோஷி இலவசம். இல்ல ஸ்ட்ராட்டம் (மெஷினும் பூலும் பேசிக்கற முறை), பூல், ஃபர்ம்வேர் எல்லாம் நோண்டிக் கத்துக்கணும்னா வெச்சுக்கங்க, தேவைப்படும்போது ஒரு மணி நேரம் ஓட்டிட்டு ஆஃப் பண்ணுங்க. கிராஃபிக்ஸ் கார்டு ரிக் வெச்சிருக்கறவங்க கதை வேற, 2022 செப்டம்பர் 15 எதீரியம் காயின் மைனிங்கையே நிறுத்தின மெர்ஜ்ங்கற மாற்றத்தோட அந்தக் கடை மூடியாச்சு, ஆனா கார்டையாவது கேம்முக்கு ரெண்டரிங்குக்குன்னு வித்துடலாம், எஸ்9 மாதிரி ஏசிக் மெஷினுக்கு (ஒரே வேலைக்குன்னே செஞ்ச சிப்) அந்த வசதியும் இல்ல, ஹாஷ் போடறதைத் தவிர அதுக்கு ஒரு வேலையும் தெரியாது.

நடுவுல மினிமம் பேஅவுட்டையும் பாத்துக்கங்க. பூல்ல 0.001 பிட்காயின் சேந்தாதான் அனுப்புவோம்னு இருந்தா, என்னோட 8.4 டெராஹாஷுக்கு ஒம்பது மாசம் ஆகும். அதுக்குள்ள மெஷினை நிறுத்தினா அந்த பாக்கி அங்கயே தொங்கும்.

குட்டி மெஷின்கள் பேர்லயும் இதே ஆட்டம் நடக்குது. பிட்ஆக்ஸ் மாதிரி ஒத்தை சிப் மெஷின் ஒரு நல்ல பொழுதுபோக்கு, 18 வாட் கிட்டதான், வருஷம் முழுக்க ஓட்டினாலும் எஸ்9 அஞ்சு நாள்ல சாப்பிடற கரண்ட்டுதான். ஆனா 1.2 டெராஹாஷை வெச்சு தனியா ஒரு பிளாக் பிடிக்க, மேல போட்ட 1000 எக்ஸாஹாஷ் கணக்குல சராசரியா பதினஞ்சாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும். லாட்டரின்னு தெரிஞ்சு வாங்கினா தப்பே இல்ல, நானே ஒண்ணு வாங்கலாமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் கீழ, ஈஎஸ்பி32 சிப் வெச்ச பொம்மை ஒண்ணு வருது, 70 கிலோஹாஷ் ஓடும், அதைப் போய் "தினசரி வருமானம்"னு சொல்லி விக்கறானுங்க. எஸ்9 ஒரே செகண்டுல போடற ஹாஷை அது போட்டு முடிக்க ஆறு வருஷம் ஆகும். ஆறு வருஷம்!

என் மெஷினை இப்ப ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். போன வாரம் விக்கலாம்னு விளம்பரம் போட்டேன், "ஒரு போர்டு செத்துப் போச்சு, இன்னொண்ணுல சிப் போயிருக்கு, சப்ளை யூஸ் பண்ணக்கூடாது, ஸ்பேருக்கு மட்டும்"னு எல்லாத்தையும் எழுதி. ரெண்டு நாள் யாரும் வரல. மூணாவது நாள் ஒருத்தர் வந்தார், பேரமே பேசல, நான் சொன்ன விலைக்கே ஓகேன்னுட்டார், எனக்கே ஆச்சரியம். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரிக்வெஸ்ட் வெச்சார், "வாங்கின புதுசுல மூணு போர்டும் ஓடற மாதிரி ஸ்கிரீன்ஷாட் ஏதாவது எடுத்து வெச்சிருந்தீங்கன்னா அதையும் சேத்து அனுப்பிடுங்க ஜி".

இருக்கு, அந்த 12.9 இன்னும் என் ஃபோன்லயே இருக்கு. அனுப்பல. மெஷின் இப்பவும் பரண் மேலதான் கிடக்குது.