கேமராவா, டிரான்ஸ்ஃபரா, கட்டாய லீவா: உள்ளாள் கைவைத்தால் எது காட்டிக்கொடுக்கும்?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனத்தின் கிளையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்கள் ஸ்டோர் கீப்பர் லீவே போடமாட்டார். தீபாவளி மறுநாளும் சாவிக்கொத்தோடு முதலில் நிற்பது அவர்தான். "உழைப்பாளிய்யா" என்று நாங்களும் மெச்சிக்கொண்டோம். மஞ்சள் காமாலை வந்து அவர் மதுரையில் படுத்தபோது, தற்காலிகமாக உட்கார்ந்த பையன் டீசல் ரிஜிஸ்தரைப் புரட்டினான். கரண்ட் போகாத நாட்களிலும் ஜெனரேட்டர் டீசல் குடித்திருந்தது.

அத்தனை நாளும் ஸ்டோர் வாசலில் கேமரா இருந்தது. கேன் வெளியே போனதை அது ஒழுங்காகத்தான் பதிவு செய்திருந்தது. ஆனால் பொருள் கேட்டு எழுதும் இண்டென்ட் சீட்டில் கையெழுத்து சரியாக இருந்தால் கேன் போவதை யார் சந்தேகப்படுவார்கள்?

கேமராவிலும் கணினிப் பதிவிலும் எனக்குள்ள சிக்கல் இதுதான். வெளியாள் புகுந்தால் காட்டும். உரிமையோடு உள்ளே இருப்பவரைக் காட்டாது. அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்துப் பென்டிரைவ் கிளார்க்கின் டிராயரில் கிடக்கும் ஆபீசில், பதிவேடு அதிகாரி பெயரைத்தான் சொல்லும். உப்புக்காற்று கேமராவை என்ன பாடு படுத்தும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது டிரான்ஸ்ஃபர். முக்கியமான இருக்கைகளில் ஒருவர் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது மத்திய கண்காணிப்பு ஆணையம் சொல்லும் பொதுவான அளவு. அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் வெடித்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியே போதும். மும்பைக் கிளை ஒன்றில் ஒரே அதிகாரி பல ஆண்டுகள் அதே இருக்கையில் இருந்தார். வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் சுவிஃப்ட் அமைப்பு, வங்கியின் மையக் கணக்கோடு இணைக்கப்படவில்லை. அதனால் வாடிக்கையாளரின் கடனுக்கு வங்கியே பொறுப்பு என்று அவர் அனுப்பிய உத்தரவாதங்கள் கணக்கில் ஏறவே இல்லை. 2017-இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்க, "முன்பெல்லாம் கேட்டதில்லையே" என்றார்கள் வாடிக்கையாளர்கள். அந்த ஒரு பதிலில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, அப்படியானால் டிரான்ஸ்ஃபர்தான் மருந்தா? எங்கள் மாவட்டத்துக்காரன் அதை லேசில் ஒப்புக்கொள்ளமாட்டான். தமிழ்நாட்டில் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்றால் எந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். வேறெங்கோ கைநீட்டியவரைத் தண்டனையாக இங்கே அனுப்புவார்கள். அங்கே சுத்தமானது, இங்கே வந்து சேர்ந்தது.

புகார் வழி இன்னும் கஷ்டம். நெடுஞ்சாலை ஊழலைப் பற்றி எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்ட பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 2004-இல், புகார் தருபவரின் பெயரை மறைத்துக் காக்கும் ஏற்பாட்டை மத்திய அரசு செய்தது. ஆனால் அதிலும் மொட்டைக் கடுதாசி செல்லாது. கடிதத்தில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். நாலு பேர் வேலை செய்யும் பாம்பன் ஆபீசில் பெயரை மறைத்து என்ன பயன்? விஷயத்தைப் படித்ததுமே எழுதியது யார் என்று டீக்கடை வரை தெரிந்துவிடும்.

அதனால் என் ஓட்டு கட்டாய லீவுக்கு. ரிசர்வ் வங்கி 2021-இல் சொன்னபடி, வங்கிகளில் முக்கிய இருக்கையில் இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது பத்து வேலை நாள் சேர்ந்தாற்போல், முன்னறிவிப்பின்றி லீவில் போயாக வேண்டும். அலுவலக மெயில் தவிர எதையும் அவர் தொடக்கூடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் இங்கே விசைப்படகுகளைக் கரையேற்றிப் பார்ப்பார்கள். மரத்தைத் துளைத்த புழுவும் விட்டுப்போன இணைப்பும் அப்போதுதான் கண்ணில் படும். லீவும் அதே வேலையைத்தான் செய்கிறது. யாரையும் திருடன் என்று சொல்லாமலே செய்கிறது. குடும்பத்தைப் பெயர்க்கவும் வேண்டாம்.

லீவிலும் ஓட்டை உண்டு. வீட்டிலிருந்தபடியே போனில் "அந்த ஃபைலை அப்படியே வை, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் வீண். பதிலுக்கு உட்காருபவர் பக்கத்து மேசைக்காரராக இருந்தாலும் வீண்தான். ராமநாதபுரத்திலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ ஓர் ஆளை அனுப்ப வேண்டும். பத்து நாள் பஸ் கட்டணமும் படியும்தான் செலவு. அப்புறம் சாவிக்கொத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆள் அதை மதுரை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருந்தார்.