சோப்ரானோவா, இன்னொரு ஆல்ட்டோவா? 'ட்ராய்மெராய்' நான்கு சாக்ஸுக்கு

ஷூமனின் 'ட்ராய்மெராய்' 24 பாரில் (தாளக் கட்டத்தில்) முடிந்துவிடும் சின்னப் பியானோ இசை. எழுதியது 1838-இல், சாக்ஸஃபோனுக்கு அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கியதே 1846-இல்தான். அந்த இசையை நான்கு சாக்ஸஃபோனுக்கு எழுத உட்கார்ந்தபோது, அடிக்குரல் பாரிடோன், அதைவிடச் சிறிய டெனர், இன்னும் சிறிய ஆல்ட்டோ ஒன்று, ஆக மூன்றும் யோசிக்காமலே முடிவாகிவிட்டன. மேல் குரலை இன்னொரு ஆல்ட்டோவுக்குக் கொடுப்பதா, அதைவிடச் சிறிய, உயர்ந்த குரலுள்ள சோப்ரானோவுக்கா என்பதில்தான் இரண்டு வாரம் போனது.

இன்னொரு ஆல்ட்டோ என்றால் செலவில்லை. வாசிக்க ஆள் சுலபமாகக் கிடைக்கும், ஒலியும் ஒட்டிப்போகும். எங்களிடம் சோப்ரானோவும் கிடையாது. அதனால் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

மாட்டிக்கொண்டது 22-ஆம் பாரில். மெட்டு ஏறிப்போய் உச்சி 'ஏ'யில் நிற்கும் இடம். மேலே ஃபெர்மாட்டா, அதாவது ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி, வேறு. பியானோவில் அது ஒரு விரல் வேலை. சாக்ஸில் ஒரே ஒலிக்கு வகைக்கு ஒரு ஸ்வரப் பெயர்; ஆல்ட்டோவுக்கு அந்த 'ஏ'யே மேல் எஃப் ஷார்ப். விரல் வைத்து எட்டும் எல்லையே அதோடு சரி. பழைய ஆல்ட்டோக்கள் பலவற்றில் அதற்குக் கீயே இருக்காது. எங்கள் ஆளிடம் கீ இருந்தது. ஆனாலும் சன்னமாக ஊதப்போனால் கீச்சென்றது, இல்லாவிட்டால் சுருதி ஏறியது. அழுத்தி ஊதினால் ஒழுங்காக வரும். ஆனால் இசையின் பெயருக்கே கனவில் ஆழ்வது என்றுதான் பொருள். அங்கே போய் அலறினால்?

சரி, முழு இசையின் சுருதியையே எஃப் மேஜரிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கிப் பார்த்தேன். ஆல்ட்டோ தப்பித்தது, டெனரும் பாரிடோனும் அடியில் கஞ்சியாய்க் குழம்பின.

கடைசியில் ஒரு சோப்ரானோவை இரவல் வாங்கினோம். அதே 'ஏ' அதில் சாதாரண 'பி'. மூச்சை அடக்கி, நூலிழையாக நிறுத்த முடிந்தது. நடுப்பகுதியில் மெட்டு உள் குரல்களுக்கு இறங்கும்போதும் யார் கையிலிருந்து யார் வாங்கினார் என்று காதுக்குத் தெரிந்தது. இரண்டு ஆல்ட்டோவில் அது கலங்கிப்போயிருந்தது.

சோப்ரானோவுக்கும் தொல்லை உண்டு. உதடு கொஞ்சம் தளர்ந்தாலே சுருதி நழுவும். தினமும் கால் மணி நேரம் நீள ஸ்வரம் பிடிக்காமல் மேடையேற முடியாது.

பியானோவில் ஒலியை நீட்டிக்கும் பெடல் சாக்ஸில் இல்லாத சிக்கல் இரண்டுக்கும் பொது. பியானோவில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) தானே தேயும், சாக்ஸில் தேயாது. நீளக் கார்டு ஒவ்வொன்றிலும் குறையும் குறியை நாமேதான் போட வேண்டும்.

எட்டுப் பத்துப் பேர் வாசித்தால் மூச்சை மாற்றி மாற்றி வாங்கலாம், கணக்கே வேறாகலாம். அப்படி ஒரே ஒரு ஒத்திகைதான் பார்த்தோம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நால்வர் என்றால் சோப்ரானோதான். அப்புறம், அந்த இரவலை இன்னும் திருப்பித் தரவில்லை.