கருத்தரிக்கக் கொடுத்த மாத்திரையில் ஈயம்

ஆயுர்வேதத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெயர் எழுதாத பொட்டலத்தை நம்பி நான் பட்ட பாடு இன்னொரு பெண்ணுக்கு வரக் கூடாது.

குழந்தைக்காக ஒரு வைத்தியரிடம் போனபோது எனக்கு வயது 35. நாடி பிடித்துப் பார்த்து, "கர்ப்பப்பையில் சூடு அதிகம், ஆறே மாதத்தில் நல்ல செய்தி வரும்" என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன், கையில்கூட வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம் ஒரு கேள்வி இல்லை. கரு உண்டாக ருது (ஏற்ற காலம்), க்ஷேத்திரம் (கர்ப்பப்பை), அம்பு (ஊட்டம்), பீஜம் (வித்து) நான்கும் சரியாக அமைய வேண்டும் என்று பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையே சொல்கிறது. பீஜம் என்றால் ஆணின் வித்தும் சேர்த்துத்தானே? இதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது.

கஷாயத்தோடு கறுப்பு மாத்திரைகள் கொடுத்தார். என்ன மருந்து என்றால், "பரம்பரை ரகசியம்".

ஐந்தாவது மாதம் வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றார். நானும் நம்பி இன்னும் இரண்டு மாதம் விழுங்கினேன்.

கடைசியில் ரத்தசோகைக்காகப் பார்த்த டாக்டர்தான், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. உலோகமும் தாதுவும் சேர்த்துச் செய்யும் ரச மருந்துகள் சிலவற்றில் சேரும் நாக பஸ்மம் ஈயத்தைப் புடம் போட்டுச் செய்வது. 2011-12இல் நியூயார்க்கில் இப்படி ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சு ஏறியதை அமெரிக்க அரசு நிறுவனமே பதிவு செய்திருக்கிறது.

ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும். கர்ப்பத்தில் அது மறுபடி ரத்தத்தில் கலந்து குழந்தைக்கும் போகும். அதனால் அளவு இறங்கும்வரை கருத்தரிக்க வேண்டாம் என்றார் டாக்டர். எதற்காகச் சாப்பிட்டேனோ அதையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அன்று அழுததுபோல் நான் எப்போதும் அழுததில்லை.

அந்த இடைவெளியில் கணவருக்கும் சோதனை செய்தோம். விந்தணு எண்ணிக்கை குறைவு. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது.

சேர்மானமும் உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இல்லாத மருந்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 35 வயது ஆகிவிட்டதென்றால், ஆறு மாதம் முயன்றும் தங்காதபோது இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போங்கள். ஏற்கெனவே இப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.